சுவரின் உயிரில் ஒரு குத்தகை

ஜேபெஸ் ஊரை விட்டுப் போன அன்றுதான் எஞ்சினும் நின்றது. எது முதலில் போயிற்று என்று கார்ன்வீனில் கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். 'வீல் தாமசின்' என்ற வெள்ளீயச் சுரங்கத்தின் கடைசிக் கொதிகலன்காரன் ஜேபெஸ்தான். அந்தப் புதன்கிழமை காலையில் சுரங்கத்துக் கேப்டன் ட்ரெலோர் எஞ்சின் வீட்டு வாசலில் வந்து நின்று தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

"போதும்ப்பா. நெருப்ப வெளிய இழுத்துடு" என்றார்.

ஜேபெஸ் தணலை வாரி வெளியே கொட்டினான். சுவருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த இரும்புத் தூலம் இன்னும் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கி மேலும் கீழும் ஆடியது. அப்புறம் பாதி வழியில், தலையைச் சாய்த்தபடி நின்றுவிட்டது. சுரங்கத்துக்கு அடியிலிருந்து தண்ணீரை இறைத்துக் கொட்டிக்கொண்டிருந்த அந்த எஞ்சினின் சத்தத்தில் பிறந்து வளர்ந்த ஊர் அது. சத்தம் நின்றதும் தொட்டில் பிள்ளைகள் எல்லாம் விழித்துக்கொண்டு வீரிட்டன. தாய்மார் மார்பில் போட்டும் அடங்கவில்லை. ஜேபெஸின் அண்ணி திர்சாவின் கைக்குழந்தை செலினாவும் அழுதாள்.

வெள்ளீயத்தின் விலை விழுந்துவிட்டது. கடல் கடந்த நாடுகளில் தோண்டி எடுப்பது மலிவு என்றார்கள். அப்படியானால் நாமே கடல் கடந்து போய்த் தோண்டுவோம் என்று ஆண்கள் கிளம்பினார்கள். ஜேபெஸ் ஆஸ்திரேலியாவின் செம்புச் சுரங்கத்துக்கு. அன்று மதியமே ரயில்.

ஸ்டேஷன் வரை ஊரே நடந்தது. வழக்கப்படி பாட்டுப் பாடிக்கொண்டே நடந்தார்கள். திர்சா பாடவில்லை. இடுப்பில் செலினா, கையில் மூத்தவள் கெத்தூரா. கொழுந்தன் ஜேபெஸின் பக்கத்திலேயே நடந்தாள்.

"ஏண்டா, போர்த்திக்க எடுத்துக்கிட்டியா?"

"அங்க வெயில் கொளுத்துமாம் அண்ணி. போர்த்திக்கிறதுக்கு நிழல்தான் தேடணும்."

"சிரிக்காத. நீ எங்க வேணா போ, எவள வேணா கட்டிக்கோ. ஆனா செத்துக் கித்துத் தொலைச்சிடாத. என் கூரை உன் தலையிலதான் நிக்குது."

"தெரியும் அண்ணி. கூரையக் கழட்டி எடுத்துட்டுப் போறவன் மாதிரி பாக்குறீங்களே!"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். ஆனால் திர்சா சொன்னதில் வேடிக்கை ஒன்றுமில்லை. அந்தப் பக்கத்தில் வீட்டை வருஷக் கணக்கில் குத்தகைக்கு விடுவதில்லை. உயிர்க் கணக்கில் விடுவார்கள். குத்தகை எடுப்பவன் மூன்று பேரைச் சொல்வான். அந்த மூவரில் ஒருவர் பூமியில் இருக்கும்வரை வீடு அவன் குடும்பத்துக்கு. மூன்றாவது ஆளும் போனால் வீடு நிலத்துக்காரரின் பெரிய வீட்டுக்குத் திரும்பிவிடும். திர்சாவின் மாமனார் தன் பெயரையும், மூத்த மகன் ஒபதியாவின் பெயரையும், அப்போது தொட்டிலில் கிடந்த ஜேபெஸின் பெயரையும் சொல்லியிருந்தார். கிழவர் வயதாகிப் போனார். திர்சாவின் புருஷன் ஒபதியா போன வருஷம் பாறை சரிந்து போனான். மிச்சம் இந்தச் சீட்டியடிக்கும் பயல் ஒருவன்தான்.

ரயில் புறப்பட்டபோது அவன் ஜன்னல் வழியாகக் குனிந்து, "போய்ச் சேந்ததும் சேதி அனுப்புறேன் அண்ணி!" என்று கத்தினான். அவனுக்கு எழுதத் தெரியாது. ஊருக்கு வருகிற எவன் வாயிலாவது சொல்லியனுப்புவான். கார்ன்வீனில் சேதி என்றால் அதுதான்.

திர்சா சுரங்கத்தின் மேல்தளத்தில் சுத்தியலால் தாதுக்கல் உடைத்து வளர்ந்தவள். ஆண்கள் கீழே தோண்டுவார்கள், பெண்கள் மேலே வெள்ளைத் துணித் தொப்பி போட்டுக்கொண்டு உடைப்பார்கள். சுரங்கம் மூடியபின் கோடையில் துறையில் மத்தி மீனுக்கு உப்புப் போட்டாள். குளிரில் வயலில் முள்ளங்கி பிடுங்கினாள். பிள்ளைகளுக்குப் பசி தெரியாது என்று சொல்ல முடியாது, ஆனால் பசித்துத் தூங்கிய நாட்கள் குறைவு.

அவளிடம் ஒரு வழக்கம் உண்டு. ஜெபவீட்டில் மாதம் ஒரு கூட்டம் நடக்கும். யார் வேண்டுமானாலும் எழுந்து எதற்காவது நன்றி சொல்லலாம். மற்றவர்கள் ரட்சிப்புக்கும் கிருபைக்கும் நன்றி சொல்வார்கள். திர்சா எழுந்தால் பின் வரிசைக்காரர்கள் முழங்கையால் இடித்துக்கொள்வார்கள்.

"என் புருஷன் போன அன்னிக்கு, மாவுல கறி மடிச்சு நான் சுட்ட பேஸ்டிய முழுசா சாப்பிட்டுட்டுப் போனாரு. ஓரத்த மட்டும் மிச்சம் வெக்கலாம்னு பாத்து, அதையும் தின்னுட்டாரு. அதுக்காக நன்றி" என்று ஒருமுறை சொன்னாள். சிரிக்க வாயெடுத்தவர்கள் பாதியில் மூடிக்கொண்டார்கள். பக்கத்து வீட்டு ஹானர் பெங்கெல்லி வெளியே வந்து, "நீ கர்த்தருக்கு நன்றி சொல்றியா, கணக்கு ஒப்பிக்கிறியாடீ?" என்று கேட்டாள்.

"ரெண்டும்தான். அவருக்கும் மறந்து போகுமில்ல" என்றாள் திர்சா.

ஜேபெஸிடமிருந்து சேதி வரவில்லை. கடல் கடந்து திரும்பியவர்கள் யாராவது ஊருக்குள் கால் வைத்தால் திர்சா எங்கிருந்தாலும் ஓடுவாள், மீன் செதில் அப்பிய கையோடு. "எங்க ஜேபெஸப் பாத்தீங்களா? சீட்டியடிப்பான். இடது புருவம் வெட்டுப்பட்டிருக்கும்." ஒருவன் பார்த்தேன் என்றான், விசாரித்தால் அது வேறு ஜேபெஸ். ஒருவன் அவன் உள்நாட்டுக்கு மாடு ஓட்டிக்கொண்டு போனதாகக் கேள்விப்பட்டேன் என்றான். உள்நாடு என்றால் எவ்வளவு தூரம் என்று கேட்டதற்கு, "போனா திரும்பற தூரம் இல்லக்கா" என்றான்.

ஏழு வருஷம் முடிந்த இலையுதிர் காலத்தில் பெரிய வீட்டுக் காரியஸ்தர் மிஸ்டர் வைவெல் குதிரையில் வந்தார். இறங்கவே அவருக்கு மனமில்லை. இறங்கியபின் சேறு படாத இடமாகப் பார்த்து நின்றார்.

"அம்மா, உனக்குச் சட்டம் தெரியும். ஏழு வருஷம் ஒரு தகவலும் இல்லேன்னா, செத்ததாத்தான் கணக்கு."

"அவன் சாகலீங்க. சோம்பேறி, அவ்வளவுதான்."

"சோம்பேறித்தனத்துக்குச் சட்டத்துல இடமில்லையே." அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "பின்னாடி அவன் உயிரோட இருக்கான்னு தெரிய வந்தா வீடு உனக்கே திரும்பும். அதுவும் சட்டம்தான். அதுவரைக்கும்... அறுவடை முடிஞ்சதும் காலி பண்ணிடணும். புள்ளைங்களுக்கு ஏழைகள் விடுதியில சொல்லி வெக்கட்டுமா?"

ஏழைகள் விடுதி எப்படிப்பட்டது என்று திர்சாவுக்குத் தெரியும். அங்கே தாயை ஒரு கட்டடத்திலும் பிள்ளைகளை ஒரு கட்டடத்திலும் வைப்பார்கள். கெத்தூராவை யார் வீட்டுச் சமையலுக்காவது அனுப்பிவிடுவார்கள். செலினாவை ஞாயிற்றுக்கிழமை வேலிக்கு இந்தப் பக்கம் நின்றுதான் பார்க்க வேண்டும். மூன்று பேரும் ஒரே கூரைக்கடியில் இருக்க வேண்டும், அவளுக்கு அது போதும். அந்தக் கூரை எதுவானாலும் சரி.

"சொல்ல வேணாங்க. நன்றி" என்றாள்.

அறுவடை முடிந்தது. திர்சா ஹானரைக் கூப்பிட்டு, "கட்டிலோட அந்தப் பக்கத்தப் பிடி" என்றாள்.

"எங்க கொண்டு போறோம்?"

திர்சா மோவாயால் காட்டினாள். குன்றின் மேல், கடலைப் பார்த்தபடி, எஞ்சின் வீடு நின்றது.

"பைத்தியமாடீ பிடிச்சிருக்கு? பேய் குடியிருக்குற எடம்!"

"பேய்க்குக் குத்தகை இல்ல. நான் போய்ச் சேந்துக்கறேன்."

எஞ்சினைப் பகுதி பகுதியாகக் கழற்றி விற்றுவிட்டார்கள். தூலத்தை உடைத்து இரும்புக் கடைக்கு அனுப்பினார்கள். வீடு மட்டும் நின்றது. மூன்று மாடி உயரம், ஆனால் தளங்கள் கிடையாது. உத்தரங்கள் இருந்த துளைகளில் மலைக்காக்கைகள். கூரையில் பாதிக்குப் பலகைக் கல் இருந்தது, மீதிப் பாதியில் வானம். சுரங்கக் கிணற்றைப் பார்த்த சுவர், தூலத்தின் பாரத்தைத் தாங்கிய சுவர், ஒரு ஆள் படுத்தால் அவன் நீளத்துக்குக் கனம். மற்ற மூன்று சுவர்களும் அதற்குத் துணைக்கு வந்த மாதிரி இருந்தன. நடுவில் எஞ்சின் உட்கார்ந்திருந்த கருங்கல் மேடை. மூலையில் வானளாவிய புகைக்கூண்டு. இவ்வளவு வருஷம் போயும் கொழுப்பும் எண்ணெயும் கலந்த வாசனை கல்லை விட்டுப் போகவில்லை.

கெத்தூரா மூக்கைச் சுருக்கினாள். "அம்மா, சித்தப்பா வாசனை!"

"அப்ப நம்ம வீடுதான்" என்றாள் திர்சா. கருங்கல் மேடையில் துணி விரித்துத் தேநீர்க் கோப்பைகளை வைத்தாள். நல்ல உயரமான மேசை. கனத்த சுவருக்கு முதுகு கொடுத்துக் கட்டிலைப் போட்டாள். அன்று வீசிய கடல்காற்றில் ஊரில் இரண்டு வீட்டுக் கூரை பறந்தது. அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் மெழுகுவர்த்திச் சுடர்கூட அசையவில்லை. இதைக் கட்டின மேஸ்திரி யாரோ, அவன் கை நன்றாயிருக்கட்டும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் விடிந்ததும் தேநீருக்கு நெருப்பு வேண்டியிருந்தது. கொதிகலன் போனபின் புகைக்கூண்டின் அடியில் பெரிய வாய் திறந்து கிடந்தது. இதைவிட நல்ல அடுப்பு எங்கே கிடைக்கும் என்று திர்சா அதில் ஒரு கட்டு முள்சுள்ளியை வைத்துக் கொளுத்தினாள். ஒரு எஞ்சினுக்காகக் கட்டின புகைக்கூண்டு அது. ஒரு கெண்டித் தண்ணீரைப் பற்றி அதற்கு என்ன தெரியும்? 'உஸ்ஸ்' என்று உறிஞ்சியது. சுள்ளி நொடியில் மேலே பறந்தது. இன்னொரு கட்டு வைத்தாள், அதையும் விழுங்கிற்று. தண்ணீர் சூடாகவேயில்லை. கோபம் வந்து, மூலையில் கிடந்த பழைய எண்ணெய்க் கந்தல் முழுவதையும் அள்ளித் திணித்து, மேலே ஈரப் புல்கட்டியைப் போட்டு அடக்கினாள். வெளியே, குன்றின் உச்சியில், ஏழு வருஷம் செத்துக் கிடந்த புகைக்கூண்டிலிருந்து கன்னங்கரேலென்று புகை எழும்பித் திரண்டு கடல்மேல் சாய்ந்தது.

முதலில் பார்த்தவன் ஹானரின் புருஷன் எஸ்ரா. சுரங்கம் மூடியதிலிருந்து சாலையில் ஜல்லி உடைத்துக்கொண்டிருந்தான். சம்மட்டியைக் கீழே போட்டான். "சுரங்கம் ஓடுது! டேய், நம்ம சுரங்கம் ஓடுதுடா!" என்று அவன் கத்தியது மூன்று வயலுக்குக் கேட்டது.

கார்ன்வீன்காரர்களைத் தவிர வேறு யாரும் அந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டார்கள். வேறு ஊரானால் தீப்பிடித்தது என்று வாளியோடு ஓடியிருப்பார்கள். இவர்கள் பரணிலிருந்து கெட்டித் தொப்பியை இறக்கினார்கள். அதன் நெற்றியில் களிமண் உருட்டி மெழுகுவர்த்தியை ஒட்டினார்கள். பெண்கள் வெள்ளைத் தொப்பிக் கயிற்றை முடிந்துகொண்டே சுத்தியலைத் தேடினார்கள். மதியத்துக்கு வைத்திருந்த பேஸ்டியைத் துணியில் சுற்றிக்கொண்டார்கள். முதலில் போய் நிற்பவனுக்கு முதல் வேலை. ஹானருக்கு உண்மை தெரியும், ஆனால் அவள் ஊர்க் கிணற்றடியில் தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்தாள். கேப்டன் ட்ரெலோர்கூட, மேற்பார்வைக்குப் போடும் தன் பழைய வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு மூச்சிரைக்க ஏறினார். தன்னிடம் சொல்லாமல் எந்தக் கேப்டன் வந்து திறந்தான் என்ற கடுப்பு அவருக்கு.

கதவு இருந்த இடத்தில் வந்து எல்லோரும் நின்றார்கள். உள்ளே முகம் முழுக்கக் கரியோடு திர்சா கெண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பின்னால் பாவாடையைப் பற்றியபடி இரண்டு பெண்கள்.



"எஞ்சின் எங்க?" என்று எஸ்ரா கேட்டான். கேட்கும்போதே அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"தேநீர் போட்டுக்கிட்டிருந்தேன்" என்றாள் திர்சா.

கூட்டத்தின் பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். "தேநீருக்கா? ஒரு குவளை தேநீருக்கா இந்தப் புகை? எங்க வயித்துல பாலை வார்த்துட்டுத் திருப்பி உருவுறியா?"

திர்சாவுக்கு அப்போதுதான் அவர்கள் தொப்பியும் சுத்தியலும் கண்ணில் பட்டன. என்ன நடந்திருக்கிறது என்று புரிந்தது. அவள் கெண்டியைக் கீழே வைத்தாள்.

"ஐயோ... நான் நெனைக்கலியே. மன்னிச்சிடுங்க எல்லாரும். எனக்கு எடமில்லாம இங்க வந்தேன்."

எஸ்ரா உள்ளே வந்து கருங்கல் மேடையில் உட்கார்ந்தான். தொப்பியைக் கழற்றாமலே உட்கார்ந்தான். நெற்றியில் ஏற்றாத மெழுகுவர்த்தி. அவன் தோள் குலுங்குவதைப் பார்த்து ஆண்கள் கூரையைப் பார்த்தார்கள், கடலைப் பார்த்தார்கள். கிணற்றடியிலிருந்து ஓடிவந்த ஹானர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு நுழைந்தாள். புருஷனைப் பார்த்தாள், கரி முகத்துத் திர்சாவைப் பார்த்தாள், வெள்ளைக் கோட்டுக் கேப்டனைப் பார்த்தாள். அவளுக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது.

"கேப்டன்! சம்பளம் எவ்வளவுன்னு கேட்டீங்களா? ஆளுக்கு அரைக் குவளை தேநீர்! அதுவும் இன்னும் கொதிக்கல!"

யாரோ ஒருவன் மூக்கால் சிரித்தான். அப்புறம் எல்லோரும். எஸ்ரா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஏறி வந்தாச்சு. ஏதாச்சும் வேலை குடுத்துடு தங்கச்சி. சும்மா எறங்கினா எனக்குக் கால் வராது" என்றான்.

திர்சா மேலே பார்த்தாள். "பாதிக் கூரை இல்லண்ணே."

வீல் தாமசின் சுரங்கம் அன்றைக்கு ஒரு ஷிப்ட் ஓடியது. கேப்டன் கோட்டுப் பையிலிருந்து அளவு நூலை எடுத்தார். கீழே பழைய கொட்டகையில் மிஞ்சிய மரங்களை உத்தரத் துளைகளில் ஏற்றினார்கள். சரிந்து கிடந்த பலகைக் கற்களைப் பெண்கள் கைமாற்றி மேலே அனுப்பினார்கள். புகைக்கூண்டின் வாயைக் கல் வைத்து அடைத்து, ஒரு கெண்டிக்குப் போதுமான துளை விட்டார்கள். நடுவில் உட்கார்ந்து பேஸ்டி தின்றார்கள். கூரையில் இருந்தவன் இறங்கச் சோம்பல்பட்டு மேலேயே தின்றான்.

மதியத்துக்கு மேல் மிஸ்டர் வைவெல் வந்தார். பெரிய வீட்டு ஜன்னலிலிருந்து அவருக்கும் புகை தெரிந்திருந்தது. அனுமதியில்லாமல் எவனோ நிலத்தைத் தோண்டுகிறான் என்று கைத்தடியோடு வந்தவர், கூரைமேல் ஊரையே கண்டு திகைத்தார்.

"இது என்னது? அம்மா, இந்தக் கட்டடத்தை இடிச்சுக் கல்லைச் சாலைக்குக் கொடுக்கப் போறோம்."

சுத்தியல் சத்தங்கள் ஒவ்வொன்றாக நின்றன. கெத்தூரா தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டாள். கேப்டன் வாயைத் திறந்தார். திர்சா அவரைக் கையமர்த்தினாள்.

"இடிங்க. ஆனா ஒண்ணு கேக்குறேன். போன குளிர்ல உங்க கன்னுக்குட்டி எங்க விழுந்துச்சு?"

காரியஸ்தர் வாசலுக்கு வெளியே பார்த்தார். பத்தடி தள்ளிச் சுரங்கக் கிணறு வாயைத் திறந்து கிடந்தது. சுற்றிப் போட்டிருந்த மரவேலி உளுத்து விழுந்திருந்தது. கூட்டத்திலிருந்து ஒருவன் "ம்மா..." என்று கன்று மாதிரி கத்தினான். கேப்டன் முறைத்ததும் அடங்கினான்.

"மூடின சுரங்கத்துக் குழியச் சுத்திச் சுவர் வெக்கணும்னு புதுச் சட்டம் வந்திருக்குன்னு ஜெபவீட்டுக் கதவுல ஒட்டியிருந்தாங்க" என்றாள் திர்சா. "சட்டம் எனக்குத் தெரியும்னு நீங்கதானே சொன்னீங்க. சுவர் கட்டினா மட்டும் போதாது. ஆடு இடிக்கும், பசங்க கல்ல உருட்டிப் போடுவாங்க. அதப் பாக்க ஒரு ஆள் வேணும். நான் பாக்குறேன். இன்னிக்கே கட்டிடுறோம், கை நெறைய ஆள் இருக்கு."

"சம்பளம்?"

"வேணாங்க. இந்தக் கூரை போதும்."

மிஸ்டர் வைவெல் கைத்தடியைத் தரையில் ஊன்றி நின்றார். கெட்ட மனிதரல்ல. தினமும் பிறருக்குப் பிடிக்காததைச் சொல்லிச் சொல்லிக் களைத்தவர். "எத்தனை காலத்துக்கு? யார் பேர்ல எழுதறது? உன் மூணு உயிரும் தீர்ந்து போச்சே அம்மா."

திர்சா கையை நீட்டிக் கனத்த சுவரைத் தட்டினாள்.

"மனுஷ உயிர் வேணாங்க. அதுங்க கப்பல் ஏறிடுது. இவன் பேர்ல எழுதுங்க. இவன் நிக்கிற வரைக்கும்."

காரியஸ்தர் சுவரின் கனத்தைப் பார்த்தார். அதை இடிக்க எவ்வளவு வெடிமருந்து ஆகும் என்று மனதில் போட்டுப் பார்த்திருக்கலாம். அவர் உதட்டோரத்தில் சிரிப்பு வந்தது. அதை யாரும் அதற்கு முன் பார்த்ததில்லை.

"சரி. சுவர் நிக்கிற வரைக்கும்" என்றார். எஸ்ரா கொடுத்த பாதிப் பேஸ்டியை மறுக்காமல் வாங்கி, நின்றபடியே தின்றுவிட்டுப் போனார். அந்த மாதக் கூட்டத்தில் திர்சா எழுந்து, காரியஸ்தரின் கன்றுக்குட்டிக்கு நன்றி சொன்னாள்.

அவள் காவல் ஒழுங்காக இருந்தது. காலையும் மாலையும் கிணற்றுச் சுவரைச் சுற்றி வந்தாள். பெயர்ந்த கல்லைத் திருப்பி வைத்தாள். எட்டிப் பார்க்க வரும் பையன்களின் காதைத் திருகி, அப்புறம் குங்குமப்பூக் கேக்கில் ஒரு துண்டு கொடுத்தாள். மீன்பிடிப் படகுக்காரர்கள் ஒருநாள் ஏறி வந்து, "அக்கா, காலையில அந்தப் புகைய விடாம போடுங்க. மூடுபனி மேல அது தெரிஞ்சா எங்களுக்குத் துறை எங்கன்னு புரியுது" என்று கேட்டுக்கொண்டார்கள். பதிலுக்கு வாசலில் அவ்வப்போது மீன் கிடக்கும். யார் போட்டது என்று அவள் கேட்டதில்லை, பொதுவாகக் கடலைப் பார்த்து நன்றி சொல்லிவிடுவாள். கெத்தூரா வளர்ந்து தச்சன் ஒருவனைக் கட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போனாள். செலினா துறையில் வலை பின்னினாள், இரவானால் எஞ்சின் வீட்டுக்கு வந்துவிடுவாள்.

ஆனால் புகை அவர்களோடு நிற்கவில்லை. முதல்நாள் கரும்புகையைக் கடலிலிருந்து பார்த்தவன் துறைமுகத்தில் சொன்னான். துறைமுகத்தில் கேட்டவன் கப்பலில் சொன்னான். 'வீல் தாமசின் மறுபடி ஓடுது' என்ற சேதி சிலி, மெக்சிகோ, ஆஸ்திரேலியா என்று ஊர்க்காரர்கள் மண் தோண்டுகிற இடமெல்லாம் போய்ச் சேர்ந்தது. எனக்கு ஒரு இடம் பிடித்து வையுங்கள் என்று அங்கிருந்து சொல்லியனுப்பினார்கள். திர்சாவுக்கு அது முள்ளாய்க் குத்தியது. கூட்டத்தில் எழுந்து, "பொய் ஒண்ணு என் அடுப்புலேர்ந்து கெளம்பிப் போயிருக்கு. தெரிஞ்சவங்க எழுதி நிறுத்துங்க" என்றாள். எல்லோரும் தலையாட்டினார்கள். மறுத்து எழுத யாருக்கும் கை வரவில்லை.

அவளுடைய பழைய குடிசையைப் பெரிய வீட்டார் ஹானரின் மகன் தோபியாஸுக்குக் குத்தகைக்கு விட்டார்கள். அவனும் பெண்டாட்டியும் சுவருக்கு வெள்ளையடித்தார்கள். ஒரு பிள்ளை பிறந்தது, இன்னொன்று வயிற்றில் இருந்தது. தோபியாஸ் ஆரம்பத்தில் திர்சாவை வழியில் கண்டால் தலை குனிவான். அவள்தான், "அந்த வடக்கு ஜன்னல் ஒழுகும், தம்பி. கந்தலைத் திணி" என்று பேச்சுக் கொடுத்துச் சரிசெய்தாள்.

ஒரு வசந்த காலக் காலையில், திர்சாவின் தலை நரைத்துவிட்டிருந்த காலம், ஹானர் குன்றில் ஏறி வந்தாள். கூட ஒரு நொண்டிக் கால்காரன், வெயிலில் தோல் போலாகிவிட்ட முகம். ஹானரின் முகத்தில் ரத்தமில்லை.

"இவர் ஆங்வின். ஆஸ்திரேலியாவுலேர்ந்து வராரு" என்றாள். "நீயே கேட்டுக்கோ. என்னால சொல்ல முடியல."

"ஜேபெஸா?" என்று கேட்டாள் திர்சா. "உயிரோட இருக்கானா?"

"கல்லு மாதிரி இருக்கான்" என்றான் ஆங்வின். "கல்யாணம் கட்டி நாலு பசங்க. சேதியச் சொல்றேன்னு மூணு பேரு போனானுங்களாம். ஒருத்தன் கப்பல்லயே செத்துட்டான், ஒருத்தன் ஆப்பிரிக்காவுல எறங்கிட்டான், மூணாமவன் குடிகாரன். நாலாவது ஆளு நான்தான். துறைமுகத்துலேர்ந்து நடந்தே வந்துருக்கேன், முதல்ல உக்காரட்டுமா?"

திர்சா அவனைக் கருங்கல் மேடையில் உட்கார வைத்தாள். தேநீர் ஊற்றும்போது பாதி வெளியே போனது. இடுப்பில் கட்டியிருந்த ஏப்ரனால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள், அழுகையோடு சிரித்தாள். சோம்பேறி, சோம்பேறி என்று சொல்லிக்கொண்டே அழுதாள்.

ஹானர் அசையாமல் வாசலிலேயே நின்றாள். அவளுக்கும் சட்டம் தெரியும். உயிர் இருப்பது தெரிந்தால் வீடு திரும்ப வேண்டும்.

"அப்ப... எங்க பையன் எப்ப காலி பண்ணணும்னு சொல்லிடு" என்றாள். "வயித்துப் புள்ளைக்காரி. கொஞ்சம் டயம் குடு."

திர்சா ஏப்ரனை இறக்கினாள். "எதக் காலி பண்ணணும்?"

"அது உன் வீடுடீ."

"என் வீட்டுக்குக் குத்தகை இந்தச் சுவர் மேல இருக்கு. ஒருத்தி ரெண்டு எடத்துல எப்படித் தூங்குவா?" அவள் ஹானரின் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். "பெரிய வீட்டுல போய் நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். தோபியாஸ் கிட்ட மட்டும் சொல்லி வை, ராத்திரி ஜெபத்துல ஜேபெஸையும் சேத்துக்கச் சொல்லு. சட்டப்படி அந்தக் கூரை இன்னும் அவன் தலையிலதானே. அவன் நாலு புள்ளைக்கு அப்பன், இனி கப்பல் ஏற மாட்டான், ஆனாலும் வேண்டிக்கறது நல்லது."

ஹானர் அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, திர்சாவின் சட்டையிலேயே மூக்கைத் துடைத்துவிட்டு, "புகை நாத்தம் அடிக்கிறடீ நீ" என்றாள்.

ஆங்வின் இரண்டாவது குவளையையும் குடித்துவிட்டுத் தொண்டையைக் கனைத்தான்.

"சேதிய இன்னும் சொல்லலியே அக்கா. அவன் ஒரு வார்த்தை பிசகாம சொல்லணும்னு என்னைத் திருப்பித் திருப்பிச் சொல்ல வெச்சான்." அவன் எழுந்து, நொண்டிக் காலை நேராக்கிக்கொண்டு நின்றான். பள்ளிப்பிள்ளை ஒப்பிப்பது போலச் சொன்னான்:

"அண்ணிக்கு ஜேபெஸ் சொல்றது. நான் எறக்கின நெருப்ப யாரோ மறுபடி ஏத்திட்டாங்கன்னு இங்க சொன்னாங்க. எந்தக் கேப்டன்னு தெரியல. அன்னிக்கு இங்க இருக்குற நம்மாளுங்க எல்லாரும் சம்மட்டியக் கீழ வெச்சிட்டு, வெயில்ல நின்னு ஒரு பாட்டு பாடினோம். அத ஏத்தின புண்ணியவான் யாருன்னு நீங்க விசாரிச்சு, அவரு வீட்டுக்கே போயி, ஜேபெஸ் நன்றி சொன்னான்னு சொல்லிடுங்க."